பத்தாம் வகுப்பு புள்ளியியலும் நிகழ்தகவும்: எப்படிப் பயிற்சி செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் எட்டாவது பாடம் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. அதுதான் கடைசிப் பாடம். கடைசியில் இருப்பதாலேயே நான் பார்த்த பல வகுப்புகளில் இது அவசர அவசரமாக நடந்து முடிந்திருக்கிறது. அப்புறம் திருப்புதல் தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே மாதிரியான கேள்விகளோடு வருகிறார்கள். பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தில் கூட்டல் கழித்தலில் போகும் மதிப்பெண் குறைவு. கணக்கை வாசிக்கும் இடத்தில் போவதுதான் அதிகம். பயிற்சியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இந்தப் பாடத்தை விட்டுவிட்டு மற்றதை நன்றாகப் படித்தால் போதாதா?

போதாது. வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும், எட்டு மதிப்பெண் 2. எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் போய்விடும். மற்ற மூன்று பகுதிகளிலும் இந்தப் பாடத்துக்கு இடம் உண்டு. இரண்டு மதிப்பெண்ணில் 28ஆவது வினாவும் ஐந்து மதிப்பெண்ணில் 42ஆவது வினாவும் கட்டாய வினாக்கள். அவை எந்தப் பாடத்திலிருந்தும் வரலாம். இந்தப் பாடத்திலிருந்து வந்துவிட்டால் ‘வேறு கணக்கு எழுதிக்கொள்கிறேன்’ என்று சொல்ல வழியில்லை.

இன்னொன்று. இயற்கணிதத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பாடம் சின்னது. வீச்சு, வீச்சுக் கெழு, விலக்க வர்க்கச் சராசரி, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு ஆகியவை ஒரு பக்கம். கூறுவெளி, நிகழ்தகவு, கூட்டல் தேற்றம் ஆகியவை மறுபக்கம். மூன்று வாரம் ஒழுங்காக உட்கார்ந்தால் முழுப் பாடமும் கைக்கு வந்துவிடும்.

சூத்திரம் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் நிகழ்தகவுக் கணக்கு தப்பாகவே வருகிறது. ஏன்?

நிகழ்தகவின் அடிப்படைச் சூத்திரம் ஒரே வரி: சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வகுக்கத் தெரியும். எதை எண்ணுவது என்பதுதான் சிக்கல்.

ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டுகிறோம். ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன? வகுப்பில் கேட்டால் சிலர் 2/3 என்பார்கள். ‘இரண்டும் தலை, ஒன்று தலை ஒன்று பூ, இரண்டும் பூ, மூன்று வாய்ப்புதானே சார், அதில் இரண்டில் தலை இருக்கிறது’ என்று விளக்கமும் தருவார்கள். அவர்களிடம் நான் கோபப்படுவதே இல்லை. ஏனென்றால் பிரான்சின் பெரிய கணித அறிஞர் தலாம்பேர், 1754இல் வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதியில் இதே கேள்விக்கு இதே 2/3ஐ எழுதினார். அவர் சொன்ன காரணம் சற்றே வேறு: முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இல்லாவிட்டால் பூவுக்குப் பின் தலை, அல்லது இரண்டுமே பூ. ஆக மூன்று வாய்ப்புகள் என்றார்.

மூன்று என்று எண்ணியது கூடப் பரவாயில்லை. மூன்றும் சம வாய்ப்புள்ளவை என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. கூறுவெளியை, அதாவது விழக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை, முழுதாக எழுதிப் பாருங்கள்: தத, தபூ, பூத, பூபூ. நான்கும் சம வாய்ப்புள்ளவை. அவற்றில் மூன்றில் தலை இருக்கிறது. விடை 3/4.

ஆகவே என் முதல் ஆலோசனை இதுதான். முதல் ஒரு வாரத்துக்கு விடை கண்டுபிடிக்காதீர்கள். புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு நிகழ்தகவுக் கணக்குக்கும் கூறுவெளியை மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே சாதகமான விளைவுகளை வட்டமிடுங்கள். அவ்வளவுதான், வகுக்க வேண்டாம். இப்படி இருபது கணக்கு எழுதி முடித்த பிள்ளை, அடுத்த வாரம் விடை போடத் தொடங்கும்போது எவ்வளவு தெளிவாகப் போடுகிறது என்று நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பகடை என்றால் 36 சோடியையும் எழுத வேண்டுமா? (2,6)உம் (6,2)உம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. பகடைகளில் ஒன்றைச் சிவப்பு, இன்னொன்றை நீலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் 2 நீலத்தில் 6 என்பது ஒரு விளைவு; சிவப்பில் 6 நீலத்தில் 2 என்பது இன்னொன்று. (4,4) மட்டும் ஒரே ஒரு வழியில்தான் விழும். இரண்டு பகடையும் ஒரே நிறத்தில் இருந்தாலும் உலகம் அப்படித்தான் நடந்துகொள்ளும், நிறத்தை அழித்ததால் வாய்ப்பு மாறாது.

இதைப் புரியவைக்க நான் தாயக்கட்டையைக் கையில் எடுப்பேன். இன்றும் பல வீடுகளில் பாட்டியின் பெட்டியில் இரண்டு பித்தளைக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு நீளப் பக்கங்கள். 0, 1, 2, 3 என்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 4 × 4 = 16 விளைவுகள். கூடுதல் 1 வந்தால் தாயம். அதற்கு (0,1), (1,0) என்று இரண்டு வழி. ஆகவே தாயம் விழும் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு; அதற்கு ஒரே வழி, 1/16. ஆறுக்கு (3,3) மட்டும், அதுவும் 1/16. ஐந்துக்கு இரண்டு வழி. மூன்றுக்கு (0,3), (3,0), (1,2), (2,1) என்று நான்கு வழி, 1/4. ‘எப்போது பார்த்தாலும் மூணுதான் விழுது’ என்று ஆடுபவர்கள் சலித்துக்கொள்வது சும்மா இல்லை.

எல்லா வழிகளையும் கூட்டிப் பாருங்கள். 1, 2, 3, 4, 5, 6, 12 என்று விழும் எண்களுக்கு முறையே 2, 3, 4, 3, 2, 1, 1 வழிகள், மொத்தம் 16. இப்படிக் கூட்டிச் சரிபார்ப்பதை எல்லாக் கணக்கிலும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் வரவில்லை என்றால் எங்கோ ஒரு விளைவு விட்டுப்போயிருக்கிறது.

தாயம் 1/8 என்றால் எட்டு முறை உருட்டினால் கண்டிப்பாக ஒன்று விழுமா? விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு முறையும் விழாமல் போக 7/8. எட்டு முறையும் விழாமல் போக 7/8ஐ எட்டு முறை பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.34 வரும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இது தேவையில்லை. ஆனால் விடுமுறை நாளில் நூறு முறை உருட்டி, எத்தனை தாயம் என்று கோடு போட்டுப் பார்த்த பிள்ளைக்கு நிகழ்தகவு என்ற சொல்லே வேறு மாதிரி கேட்கும்.

‘குறைந்தது’, ‘அதிகபட்சம்’, ‘மட்டும்’ என்று வரும்போதெல்லாம் குழம்புகிறேன்.

இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணைத் தின்பவை இந்தச் சொற்கள்தான். மூன்று நாணயம் சுண்டும் கணக்கு ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் பழகிவிடலாம். கூறுவெளி: ததத, ததபூ, தபூத, பூதத, தபூபூ, பூதபூ, பூபூத, பூபூபூ. எட்டு.

‘சரியாக இரண்டு தலை’ என்றால் இரண்டே இரண்டு: 3/8. ‘குறைந்தது இரண்டு தலை’ என்றால் இரண்டு அல்லது அதற்கு மேல். மூன்றும் சேரும்: 4/8. ‘அதிகபட்சம் இரண்டு தலை’ என்றால் பூச்சியம், ஒன்று, இரண்டு எல்லாம் சேரும்: 7/8. இங்கே பூச்சியத்தை மறப்பவர்கள் ஏராளம். ஒரு தலையும் விழாத பூபூபூவும் ‘அதிகபட்சம் இரண்டு’ என்பதற்குள் அடங்கியதே.

‘குறைந்தது ஒன்று’ என்று வந்தால் நேராக எண்ணாமல் மறுபக்கம் போங்கள். ஒன்றுகூட இல்லாததன் நிகழ்தகவைக் கண்டு 1இலிருந்து கழியுங்கள். மூன்று நாணயத்தில் குறைந்தது ஒரு தலை: 1 − 1/8 = 7/8. நிரப்பு நிகழ்ச்சி என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

கணக்கை வாசிக்கும்போது இந்தச் சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். வினாத்தாளை வாசிப்பதற்கென்றே தேர்வில் முதல் 10 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் எழுத முடியாது, ஆனால் கண்ணால் இந்தச் சொற்களைப் பிடித்து வைக்கலாம்.

கூட்டல் தேற்றத்தில் எப்போது கழிக்க வேண்டும், எப்போது கழிக்க வேண்டாம்?

இரண்டு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவைக் கூட்டி, இரண்டுக்கும் பொதுவானதைக் கழிப்பதுதான் தேற்றம். எப்போதும் கழியுங்கள். ஒன்றையொன்று விலக்கும், அதாவது சேர்ந்து நிகழவே முடியாத, நிகழ்ச்சிகளில் கழிக்க வேண்டியது பூச்சியம், அவ்வளவுதான் வேறுபாடு. இரண்டு சூத்திரம் என்று மனப்பாடம் செய்வதால்தான் குழப்பம்.

இரண்டு பகடை உருட்டும்போது கூடுதல் 8 ஆகவோ, இரண்டிலும் ஒரே எண் ஆகவோ விழ நிகழ்தகவு? கூடுதல் 8க்கு (2,6), (3,5), (4,4), (5,3), (6,2) என்று 5. ஒரே எண் விழுவது 6. இரண்டையும் கூட்டினால் 11. ஆனால் (4,4) இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. அதை இரண்டு முறை எண்ணிவிட்டோம். ஒரு முறை கழித்தால் 10. விடை 10/36 = 5/18.

‘அல்லது’ என்று கண்ணில் பட்டதும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு பட்டியலிலும் இருப்பது யார்? அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் தேற்றம் தானாக வந்துவிடும். ‘முதல் நிகழ்ச்சி மட்டும்’ என்று கேட்டாலும் அதே ஆள்தான். முதல் நிகழ்ச்சியின் நிகழ்தகவிலிருந்து பொதுவானதைக் கழித்தால் போதும்.

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டே கிடையாது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

நியாயமான கேள்வி. சீட்டைத் தொடவே கூடாது என்று வளர்க்கும் வீடுகள் நிறைய. சூதாடத் தெரிய வேண்டியதில்லை, இந்த எண்கள் தெரிந்தால் போதும். மொத்தம் 52 சீட்டு. ஸ்பேடு, கிளாவர் கறுப்பு. ஹார்ட், டைமண்ட் சிவப்பு. ஒவ்வொன்றிலும் 13: ஏஸ், 2 முதல் 10 வரை, ஜாக், ராணி, ராஜா. ஆகக் கறுப்பு 26, சிவப்பு 26, ராஜா 4, முகச் சீட்டுகள் 12. ஏஸ் முகச் சீட்டில் சேராது.

காலண்டர் அட்டையை வெட்டி 52 துண்டாக்கி நீங்களே ஒரு கட்டு செய்யுங்கள். ஒரு மாலை போதும். செய்து முடிக்கும்போது எல்லா எண்ணும் மனத்தில் இருக்கும். ராஜா அல்லது ஹார்ட் கிடைக்க நிகழ்தகவு என்றால், 4 + 13 − 1 = 16 சீட்டுகளைத் தனியாக எடுத்து மேசையில் வைத்துப் பார்க்கலாம். 16/52, சுருக்கினால் 4/13.

நெட்டாண்டில் 53 சனிக்கிழமை வரும் கணக்கு ஏன் 2/7?

நெட்டாண்டுக்கு 366 நாள். 52 முழு வாரம் போக 2 நாள் மீதி. 52 வாரத்தில் 52 சனிக்கிழமை உறுதி. மீதி இரண்டு நாள் அடுத்தடுத்த நாட்கள்: ஞாயிறு-திங்கள், திங்கள்-செவ்வாய் என்று தொடங்கிச் சனி-ஞாயிறு வரை ஏழு சோடி. சனி இருப்பது வெள்ளி-சனி, சனி-ஞாயிறு என்ற இரண்டில். ஆகவே 2/7. சாதாரண ஆண்டுக்கு மீதி ஒரே நாள், 1/7.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் செய்தி. நம் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். அந்த 400 ஆண்டில் நெட்டாண்டு 97. 97ஐ 7ஆல் மீதியின்றி வகுக்க முடியாது. அதனால் உண்மையான நாட்காட்டியில் ஏழு சோடிகளும் துல்லியமாகச் சம அளவில் வருவதில்லை. தேர்வில் 2/7 என்றே எழுதுங்கள், ‘ஏழு சோடியும் சம வாய்ப்பு’ என்ற எடுகோளில்தான் கணக்கு நிற்கிறது.

திட்ட விலக்கத்துக்கு நான்கு முறை கொடுத்திருக்கிறார்கள். எதைப் படிப்பது?

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம். அதைக் காண நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை. நான்கிலும் விடை ஒன்றே. தேர்வில் முறையைக் குறிப்பிட்டுக் கேட்டால் ஒழிய, எண்ணைப் பார்த்து நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். சராசரி முழு எண்ணாக வந்தால் சராசரி முறை. வராவிட்டால் ஊகச் சராசரி. எல்லா விலக்கமும் ஒரே எண்ணால் வகுபட்டால் படி விலக்கம். எண்கள் ஒன்றிரண்டு இலக்கமாகச் சின்னதாக இருந்தால் நேரடி முறை.

ஒரே தரவை நான்கு முறையிலும் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு முறை. 12, 15, 18, 21, 24 என்று எடுத்துக்கொள்வோம். சராசரி 18. விலக்கங்கள் −6, −3, 0, 3, 6. அவற்றின் வர்க்கங்கள் 36, 9, 0, 9, 36, கூடுதல் 90. 90 ÷ 5 = 18, இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. திட்ட விலக்கம் √18, அதாவது சுமார் 4.24.

நேரடி முறையில் வர்க்கங்கள் 144, 225, 324, 441, 576, கூடுதல் 1710. 1710 ÷ 5 = 342. அதிலிருந்து சராசரியின் வர்க்கமான 324ஐக் கழித்தால் மறுபடியும் 18. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘வர்க்கங்களின் கூடுதல்’ வேறு, ‘கூடுதலின் வர்க்கம்’ வேறு. முன்னது 1710, பின்னது 90 × 90 = 8100. சொல்லின் வரிசையை உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

படி விலக்க முறையில் 3ஆல் வகுத்தால் −2, −1, 0, 1, 2. வர்க்கங்களின் கூடுதல் 10, ஐந்தால் வகுத்தால் 2, √2 = 1.414. கடைசியில் 3ஆல் பெருக்க வேண்டும்: 4.24. அந்தக் கடைசிப் பெருக்கலை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

நிகழ்வெண் கொடுத்த கணக்கில் வகுக்க வேண்டியது நிகழ்வெண்களின் கூடுதலால். எத்தனை வரிசை இருக்கிறதோ அதனால் வகுக்கக் கூடாது. வகுப்பு இடைவெளி கொடுத்திருந்தால் முதல் வேலை மையப்புள்ளி.

திட்ட விலக்கம் சரியாக வந்திருக்கிறதா என்று தேர்வறையிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, மூன்று சோதனைகள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் வீச்சு. திட்ட விலக்கம் ஒருபோதும் வீச்சின் பாதியைத் தாண்டாது. மேலே உள்ள தரவில் வீச்சு 12, பாதி 6. நம் விடை 4.24, சரி. 7 என்று வந்திருந்தால் தப்பு என்று உடனே தெரிந்திருக்கும்.

சராசரியிலிருந்து எடுத்த விலக்கங்களைக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் சராசரியே தப்பு. மேலே போகாதீர்கள்.

விலக்க வர்க்கச் சராசரி குறை எண்ணாக வரவே வராது. வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்துவிட்டது என்றால், சராசரியை வர்க்கப்படுத்தும் இடத்தையோ வர்க்கங்களைக் கூட்டிய இடத்தையோ திரும்பப் பாருங்கள்.

முதல் n இயல் எண்களின் விலக்க வர்க்கச் சராசரி (n² − 1) ÷ 12 என்ற சூத்திரமும் சோதனைக்கு உதவும். முதல் ஐந்து இயல் எண்களுக்கு (25 − 1) ÷ 12 = 2, திட்ட விலக்கம் √2. நம் தரவு அந்த எண்களை 3ஆல் பெருக்கி 9 கூட்டியது. கூட்டுவதால் திட்ட விலக்கம் மாறாது, பெருக்கினால் அதே மடங்கு பெருகும். 3 × √2 = 4.24. புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களில் இந்தப் பண்பு வந்துகொண்டே இருக்கும்.

எக்செலில் சரிபார்த்தேன். 4.74 என்று காட்டுகிறது. புத்தகம் தப்பா?

இரண்டுமே தப்பில்லை. புத்தகம் உறுப்புகளின் எண்ணிக்கையால், இங்கே 5ஆல், வகுக்கிறது. எக்செலின் எஸ்டிடெவ்.எஸ் என்ற சூத்திரம் ஒன்று குறைத்து 4ஆல் வகுக்கிறது: 90 ÷ 4 = 22.5, அதன் வர்க்கமூலம் 4.74. பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த ஒரு சிறு மாதிரியை வைத்து முழுக் கூட்டத்தையும் மதிப்பிடும்போது அப்படி வகுப்பார்கள். நம் கணக்குக்கு எஸ்டிடெவ்.பி என்பதைப் போடுங்கள், 4.24 வரும்.

கால்குலேட்டர் இல்லாமல் வர்க்கமூலம் எப்படி?

நீள் வகுத்தல் முறை தெரிந்தால் அதுவே போதும். தெரியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. √18க்கு அருகில் 4 என்று ஊகியுங்கள். 18 ÷ 4 = 4.5. இரண்டின் சராசரி 4.25. மறுபடி 18 ÷ 4.25 = 4.235, சராசரி 4.24. இரண்டே சுற்றில் வந்துவிட்டது. தினம் இரண்டு வர்க்கமூலம் போட்டு வந்தால் கை பழகிவிடும்.

மாறுபாட்டுக் கெழுவில் எது சீரானது என்று எப்படிச் சொல்வது?

திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். கெழு குறைந்தால் சீர்மை அதிகம். திட்ட விலக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. மல்லிகைப் பூவின் விலை கிலோ சராசரி 800 ரூபாய், திட்ட விலக்கம் 80 என்று வைத்துக்கொள்வோம். தக்காளி சராசரி 30 ரூபாய், திட்ட விலக்கம் 9. பார்வைக்கு 80தான் பெரிது. ஆனால் மல்லிகைக்கு 10 சதவீதம், தக்காளிக்கு 30 சதவீதம். தக்காளி விலைதான் அதிகம் ஆடுகிறது. விடையின் கடைசி வரியில் எது சீரானது என்று வார்த்தையில் எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் விடை முடியாது.

கெழுவும் திட்ட விலக்கமும் கொடுத்துச் சராசரி கேட்டால் பதற வேண்டாம். திட்ட விலக்கம் 4, கெழு 16 என்றால் சராசரி 400 ÷ 16 = 25.

ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு போட வேண்டும்? கைடைப் பார்த்துப் போடலாமா?

எண்ணிக்கையைக் கேட்காதீர்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். கைடைத் திறந்து வைத்து முப்பது கணக்கு எழுதுவது கையெழுத்துப் பயிற்சி. மூடி வைத்து ஆறு போடுவது கணக்குப் பயிற்சி. பத்து நிமிடம் முட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் திறந்து, எந்த வரியில் சிக்கினீர்கள் என்று மட்டும் பார்த்து, மூடிவிட்டு முதலிலிருந்து எழுதுங்கள்.

அப்புறம் கலந்து போடுங்கள். ஒரே பயிற்சியின் கணக்குகளை வரிசையாகப் போட்டால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் அந்த வசதி இருக்காது. அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பயின்றது, மற்றது கலந்து பயின்றது. பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து போட்டவர்கள் 63. கலந்து போடும்போது தடுமாறுகிறதே என்று பெற்றோர் கவலைப்படும்போதெல்லாம் இந்த எண்களைத்தான் சொல்வேன்.

நான் செய்யச் சொல்வது இப்படி. சின்னச் சின்னத் துண்டுச் சீட்டில் கணக்கு எண்ணை மட்டும் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். தினமும் கண்ணை மூடி நான்கு எடுங்கள், அந்த நான்கைப் போடுங்கள். சரியாக வந்த சீட்டை வேறு டப்பாவில் வையுங்கள். தப்பாக வந்தது பழைய டப்பாவுக்கே திரும்பட்டும். கூடவே ஒரு பிழை நோட்டு வேண்டும். கணக்கை முழுதும் எழுத வேண்டாம், ‘(4,4)ஐ இருமுறை எண்ணினேன்’, ‘3ஆல் பெருக்க மறந்தேன்’ என்று ஒரு வரி. இரண்டு வாரத்தில் அந்த நோட்டில் ஒரே வரி நான்கு முறை வந்திருக்கும். உங்களுக்கு மதிப்பெண் போகும் இடம் அதுதான். தேர்வுக்கு முந்தைய நாள் படிக்க அந்த இரண்டு பக்கம் போதும்.

பையில் பந்துகள் என்று வந்து, கடைசியில் இருபடிச் சமன்பாடு ஆகிவிடுகிறதே?

ஆமாம், நல்ல ஐந்து மதிப்பெண் கணக்கு அப்படித்தான் இருக்கும். பயிற்சிக்கு ஒன்று: பையில் 6 வெள்ளைப் பந்தும் சில கறுப்புப் பந்தும் உள்ளன. இன்னும் 4 கறுப்புப் பந்து போட்டால் கறுப்பு கிடைக்கும் நிகழ்தகவு இருமடங்காகிறது. கறுப்புப் பந்து எத்தனை?

கறுப்பைக் க என்போம். முதலில் நிகழ்தகவு க/(க + 6). பிறகு (க + 4)/(க + 10). மேலே 4 கூடினால் கீழேயும் 4 கூடும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின்னது முன்னதைப் போல் இருமடங்கு என்பதால், குறுக்கே பெருக்கினால் (க + 4)(க + 6) = 2க(க + 10). விரித்துச் சுருக்கினால் க² + 10க − 24 = 0. காரணிகள் (க + 12)(க − 2). பந்தின் எண்ணிக்கை குறை எண்ணாக இருக்காது; க = 2. சரிபார்ப்போம்: 2/8 என்பது 1/4, 6/12 என்பது 1/2. இருமடங்கு. சரிபார்க்கும் இந்த வரியை எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

அக்கா பதினொன்றாம் வகுப்பு. பேயீஸ் தேற்றம் புரியவில்லை என்கிறாள்.

சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு தொழிற்சாலையில் முதல் இயந்திரம் 60 சதவீதப் பொருளைச் செய்கிறது, அதில் 2 சதவீதம் பழுது. இரண்டாவது 40 சதவீதம் செய்கிறது, அதில் 3 சதவீதம் பழுது. பழுதான ஒன்று கையில் கிடைத்தால் அது முதல் இயந்திரத்தினுடையதாக இருக்க நிகழ்தகவு? மொத்தம் 1000 பொருள் என்று வையுங்கள். முதலாவது 600, பழுது 12. இரண்டாவது 400, பழுது 12. மொத்தப் பழுது 24. அதில் 12 முதலாவதினுடையது. விடை 1/2. முதலில் இப்படி எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு அதையே சூத்திரத்தில் எழுதினால் எந்த எண் எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியும்.

பழைய வினாத்தாள்களை எப்போது தொடங்குவது?

பாடம் முழுதும் ஒரு சுற்று முடிந்த பிறகு. அதற்கு முன் எடுத்தால் பயம்தான் மிஞ்சும். முழுத் தாளையும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். இந்தப் பாடத்தின் கணக்கை மட்டும் பொறுக்கிப் போடாதீர்கள்.

தேர்வறையில் கூறுவெளி எழுத நேரம் இருக்குமா? கணக்கு பாதியில் நின்றுவிட்டால்?

36 சோடியையும் ஆறு வரிசையாக எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று வீட்டில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பழகிய கைக்கு இரண்டு நிமிடத்துக்குள் முடியும். விடைத்தாளில் மொத்த விளைவுகள் 36 என்று எழுதிவிட்டு, சாதகமானவற்றை மட்டும் பட்டியலிட்டாலும் போதும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் எழுத்துப் பெயர் கொடுத்து, அதன் உறுப்புகளையும் எண்ணிக்கையையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். படிக்கு மதிப்பெண் உண்டு என்பதால், கடைசியில் வகுத்தலில் பிசகினாலும் முழுதும் போய்விடாது.

நின்றுவிட்டால் அந்த இடத்தில் ஐந்தாறு வரி விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது, எழுதியதைப் படிக்காதீர்கள். வினாவைப் படியுங்கள், ‘குறைந்தது’ என்றோ ‘மட்டும்’ என்றோ ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.